நலங்கு மாவில் வண்டு, வாழ்த்து அட்டையில் வளைவு: கைவினைப் பரிசுகள் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

தை பிறப்பதற்குள் வீட்டிலேயே வாழ்த்து அட்டையும் குளியல் பொடியும் செய்து சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

அக்கா மகள் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் ஆளுக்கு 100 கிராம் நலங்கு மாவு வைக்க ஆசை. போன தடவை செய்தது ஒரே மாதத்தில் கட்டி தட்டிப்போய், வண்டும் வந்துவிட்டது. எங்கே தப்பு? 10 பாக்கெட்டுக்கு அளவு என்ன?
*– வாசகி, திண்டுக்கல்*

கட்டிக்குக் காரணம் ஈரம். பயறோடு வரும் முட்டை பொரிந்து வண்டு பெருகுவதற்கும் அதுதான் வழி. பெரும்பாலும் அது இரண்டு இடங்களில் உள்ளே வருகிறது. ஒன்று, காய வைத்தது போதாது. இன்னொன்று, மில்லில் அரைத்த சூட்டோடு பாக்கெட் போட்டது. சூடான மாவு மூடிய பைக்குள் ஆறும்போது அதன் ஆவி பையின் உள்பக்கம் வேர்க்கும். அந்த நீர்தான் முதல் கட்டி.

அளவு இது. பச்சைப்பயறு 500 கிராம், கடலைப்பருப்பு 250, காய்ந்த ஆவாரம்பூ 100, காய்ந்த ரோஜா இதழ் 100, பூலாங்கிழங்கு 100, கஸ்தூரி மஞ்சள் 50, கோரைக்கிழங்கு 50, வெட்டிவேர் 25. மொத்தம் 1,175 கிராம். அரைப்பதிலும் சலிப்பதிலும் போனது போக 10 பாக்கெட்டுக்குச் சரியாக வரும்.

பயறையும் பருப்பையும் நல்ல வெயிலில் இரண்டு முழு நாள் காய விடுங்கள். வாயில் போட்டுக் கடித்தால் ‘கடக்’கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. பூக்களுக்கு நேர் வெயில் ஆகாது. நிறமும் மணமும் ஓடிவிடும். நிழலில், துணி விரித்து, விரலால் நசுக்கினால் பொடியாக உதிரும்வரை விடுங்கள். ரோஜா இதழின் அடிப்பகுதி தடிமனாக இருக்கும், அங்கேதான் ஈரம் கடைசிவரை நிற்கும். அதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிழங்குகளை உலக்கையால் இரண்டாக மூன்றாக உடைத்த பிறகு காய வைக்க வேண்டும். முழுசாகப் போட்டால் மேல் மட்டும் காய்ந்து ஏமாற்றும். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டாக நறுக்காவிட்டால் மில்லில் நார் நாராகச் சுற்றிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மில்லைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகாய் அரைத்த கல்லில் உங்கள் மாவு போனால் வளைகாப்புக்கு வந்தவர்கள் முகமெல்லாம் எரிந்து உங்களைத் திட்டுவார்கள். சீயக்காய் அரைக்கும் மில்லாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் காலையில் முதல் ஆளாகப் போய், அரைக் கிலோ பச்சரிசியை முன்னால் ஓட்டி அதைத் தனியே எடுத்துவிட்டு, பிறகு உங்களுடையதைக் கொட்டச் சொல்லுங்கள்.

அரைத்து வந்ததும் தாளில் பரப்பி மூன்று, நான்கு மணி நேரம் ஆற விடுங்கள். மெல்லிய மல் துணியில் ஒருமுறை சலியுங்கள். வெட்டிவேர், பயறுத்தோல் துணுக்குகள் முகத்தைக் கீறும். சலித்ததில் நிற்கும் கப்பி பாதம் தேய்க்க ஆகும். பிறகு காற்றுப் புகாத பையில் அடைத்து, ஃப்ரீசரில் நான்கைந்து நாள் வையுங்கள். பயறோடு வந்த வண்டு முட்டை அதில் செத்துவிடும். வெளியே எடுத்த பையை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண். குளிர்ந்த மாவு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

துணிச் சுருக்குப் பை பார்க்க அழகுதான், ஆனால் மாவை நேரடியாக அதில் போடக் கூடாது. உள்ளே ஜிப் கவர், வெளியே துணிப்பை. ஒரு துண்டுச் சீட்டில் “குளியலறையில் வைக்க வேண்டாம், உலர்ந்த கரண்டியால் எடுக்கவும்” என்று எழுதிச் செருகிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தினால் மணம் குறையாமல் இருக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று வாங்கியது முகத்தில் மஞ்சளாகப் பிடித்துக்கொள்கிறது. அசலா போலியா?
*– வாசகி, கரூர்*

அசல் கஸ்தூரி மஞ்சள் பளீர் மஞ்சளாக இருக்காது. உடைத்தால் உள்ளே வெளிறிய நிறம், பொடித்தால் மணல் நிறம், லேசான கற்பூர வாசம். தோலில் கறை பிடிக்காது. உங்களுக்குக் கொடுத்தது சமையல் மஞ்சளாகத்தான் இருக்கும். பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கி உடைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

எங்கள் வீட்டுக் குளியல் பொடிப் பட்டியலில் கார்போக அரிசியும் காய்ந்த எலுமிச்சைத் தோலும் உண்டு. நீங்கள் தரும் அளவுகளில் இரண்டுமே இல்லையே?
*– வாசகி, திருநெல்வேலி*

தெரிந்தேதான் விட்டிருக்கிறோம். கார்போக அரிசி என்னும் மூலிகை விதையில் சோரலென் என்னும் பொருள் இருக்கிறது. அது தோலில் பட்ட பிறகு வெயில் பட்டால், சாதாரண வெயிலே தோலைச் சுடும். சிவந்து, கொப்புளித்து, பிறகு கருமையாகப் படியும். வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் சோரலெனைக் கொடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டுவதே இந்த குணத்துக்காகத்தான். மருத்துவர் அளந்து செய்கிற வேலையை நாம் குத்துமதிப்பாகக் குளியல் பொடியில் செய்யக் கூடாது. எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் இதே குடும்பப் பொருள்கள் உண்டு. எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் போனவருக்கு முகம் கறுத்தால் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது எலுமிச்சை மட்டும் அல்ல, எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்த சேர்க்கை.

உங்கள் வீட்டில் பழகியவர்கள் பயன்படுத்துவது வேறு. பரிசாகப் போகும் பொடி யார் தோலில் படும், அவர் குளித்துவிட்டு வயலுக்குப் போவாரா, ஸ்கூட்டரில் போவாரா என்பது நமக்குத் தெரியாது.

பிறந்த குழந்தைக்கும் சேர்த்து ஒரு பாக்கெட் கொடுக்கலாமா?
*– வாசகி, மன்னார்குடி*

வேண்டாம். மாவுத் தூள் மூக்கில் ஏறும், கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் தங்கிப் புண்ணாக்கும். குழந்தைக்குப் பரிசு என்றால் மெல்லிய பருத்தித் துணியில் நாலு லங்கோடு தைத்துக் கொடுங்கள்.

வாழ்த்து அட்டையில் படம் ஒட்டினால் ஒட்டிய இடம் அலை அலையாக எழும்புகிறது. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மெல்லிசாகத்தான் தடவுகிறேன். மடிக்கும் இடத்திலும் வெள்ளையாக வெடிக்கிறது.
*– வாசகர், கும்பகோணம்*

தண்ணீர் கலந்ததுதான் தப்பே. காகித நார் ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். மேல் காகிதம் ஒரு அளவு விரிய, அடி அட்டை வேறு அளவு விரிய, காயும்போது இரண்டும் இழுபறியாகி அலை எழும்புகிறது. அட்டை முழுக்கப் பசை தடவாதீர்கள். இரட்டைப் பக்க டேப் அல்லது பசைக் குச்சி போதும். பெரிய படமாக இருந்து பசைதான் வேண்டுமென்றால், ஃபெவிகாலைக் கெட்டியாகவே பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்துப் பூசி, ஒட்டியவுடன் இரண்டு பக்கமும் வெள்ளைத்தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். செல்லோ டேப்பை அட்டையின் எந்தப் பக்கமும் தொடாதீர்கள். இரண்டு வருடத்தில் பழுத்துப்போய்ப் பசை வெளியே கசியும்.

மடிப்பு வெடிப்பதற்குக் காரணம் நார் ஓட்டம். மில்லில் காகிதம் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துக்கொள்கின்றன. தாளை மடிக்காமல், நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, மடிப்பு அந்த வாக்கில் வர வேண்டும். எதிர்வாக்கில் மடித்தால் நார்கள் முறிந்து, மேல் வண்ணம் விலகி, உள் வெள்ளை தெரியும். எந்த வாக்கானாலும் மடிப்பதற்கு முன் கோடு அழுத்துவது கட்டாயம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேல் ஓரமாக ஒரே அழுத்தில் இழுங்கள். அழுத்திய பள்ளம் மடிந்த அட்டையின் வெளிப்பக்கம் வர வேண்டும். பலர் உள்ளே வைத்து மடிக்கிறார்கள், அது தலைகீழ்.

தாளின் கனம் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கேளுங்கள். பள்ளிக்கூட சார்ட் பேப்பர் இதில் பாதிகூட வராது, நிற்கவே நிற்காது. ஏ4 தாளை இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் மடித்தால் 105க்கு 148 மி.மீ. அட்டை கிடைக்கும். அதற்கு 114க்கு 162 மி.மீ. உறை சரியாகப் பொருந்தும். முதலில் கடையில் உறையைப் பார்த்துவிட்டு அப்புறம் அட்டையை வெட்டுவது புத்திசாலித்தனம். அழகாக அட்டை செய்துவிட்டு அதற்கேற்ற உறை தேடி அலைபவர்கள்தான் அதிகம்.

உதட்டுக்குத் தைலம் போலக் குட்டி டப்பாவில் செய்தேன். பொங்கலுக்குக் கெட்டியாக இருந்தது, சித்திரையில் டப்பாவில் எண்ணெயாக ஓடுகிறது. பீட்ரூட் சாறு சேர்த்தேன், நிறம் புள்ளி புள்ளியாக அடியில் நிற்கிறது.
*– வாசகி, சென்னை*

தேங்காய் எண்ணெய் அதிகம் போட்டிருப்பீர்கள். அது 24, 25 டிகிரியிலேயே உருகும். சென்னையில் வருடத்தில் பாதி நாள் ராத்திரியே அதற்கு மேல். கெட்டித்தன்மை தருவது தேன்மெழுகு. அது உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு இந்த அளவு நிற்கும்: தேன்மெழுகு 20 கிராம், ஷியா வெண்ணெய் அல்லது கோகம் வெண்ணெய் 20, ஆமணக்கெண்ணெய் 20, பாதாம் எண்ணெய் 20. எட்டு டப்பா, ஒவ்வொன்றும் 10 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், கிராம் தராசு வேண்டும். மெழுகில் 5 கிராம் ஏறினாலே உதட்டில் இழுபடும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து முதலில் மெழுகை மட்டும் உருக்குங்கள். அது தெளிந்ததும் எண்ணெய்கள், கடைசியில் வெண்ணெய். உள் பாத்திரத்தில் ஆவி நீர் ஒரு சொட்டும் விழக் கூடாது, மூடி போடாதீர்கள்.

டப்பாவில் ஊற்றுமுன் ஒரு எவர்சில்வர் கரண்டியில் சொட்டு எடுத்து ஃப்ரிட்ஜில் இரண்டு நிமிடம் வைத்து, வெளியே எடுத்து ஆறவிட்டு, விரலால் தேயுங்கள். கல்லாக இருந்தால் ஒரு டீஸ்பூன் எண்ணெய், குழைந்தால் 2 கிராம் மெழுகு. இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள்தான் எட்டு டப்பாவையும் மறுபடி சுரண்டி உருக்குகிறார்கள். அலுமினிய டப்பா வாங்குங்கள். மலிவு பிளாஸ்டிக் டப்பா சூட்டில் கோணும்.

ஷியா போட்டது சில நாளில் ரவை ரவையாக நெருடும். கெட்டுப்போகவில்லை. அதிலுள்ள கொழுப்புகள் வேறு வேறு சூட்டில் உறைவதால், மெதுவாக ஆறினால் தனித்தனியாகத் திரண்டுவிடுகின்றன. முழுக்க உருக்கி ஊற்றி, உடனே ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வைத்தால் நெருடாது.

நிறத்துக்கு வருவோம். பீட்ரூட் சாறு தண்ணீர். எண்ணெயில் கலக்கவே கலக்காது. அடியில் நிற்கும் அந்தப் புள்ளிகளில் முதலில் பூஞ்சை பிடிக்கும், அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுங்கள். எண்ணெயில் கரையும் சிவப்பு நம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது: கூந்தல் தைலத்துக்குப் போடும் வேம்பாளம் பட்டை. 5 கிராம் பட்டையை 30 மி.லி. பாதாம் எண்ணெயில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அரை மணி வைத்து, ஒரு ராத்திரி ஊறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். மாதுளை நிறத்தில் இறங்கும். அதிலிருந்து 20 கிராமை மேலே சொன்ன பாதாம் எண்ணெய்க்குப் பதில் சேருங்கள்.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது தள்ளிப்போகும். கிருமியை அது தடுக்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் அடுத்த கடிதம் வந்திருக்கிறது.

சோற்றுக் கற்றாழையை மிக்ஸியில் அடித்து, வைட்டமின் ஈ சேர்த்து, பாட்டிலில் ஊற்றிப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை நாள் இருக்கும்?
*– கல்லூரி மாணவி, மதுரை*

ஃப்ரிட்ஜில் மூன்று நாள். வெளியே ஒரே நாள். பரிசாகக் கொடுக்கவே வேண்டாம். கற்றாழைச் சோறு ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். அதில் கிருமி வளர்வது நாற்றமோ நிறமோ மாறுவதற்கு முன்பே நடந்துவிடும். வீட்டில் வடித்த பன்னீர், வெள்ளரிச் சாறு, பால் கலந்த எதுவானாலும் இதே கதைதான். உங்கள் தோழிக்குக் கற்றாழைதான் கொடுக்க வேண்டுமென்றால் ஒரு தொட்டிச் செடியாகக் கொடுங்கள். வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பாலை ஓடவிட்டுக் கழுவிய பிறகே சோற்றை எடுக்க வேண்டும், அந்தப் பால் அரிக்கும் என்பதை மட்டும் சீட்டில் எழுதிக் கட்டுங்கள்.

அரச இலையை நரம்பு மட்டும் தெரியும்படி வலையாக்கி வாழ்த்து அட்டையில் ஒட்டுகிறார்களே, எப்படி? நான் வேகவைத்தேன், கூழாகிவிட்டது.
*– வாசகர், தஞ்சாவூர்*

இலை இளசாக இருந்திருக்கும். பழுத்து மஞ்சளானதும் ஆகாது, தளிரும் ஆகாது. கரும்பச்சையில் தடித்து, வளைத்தால் சலசலக்கும் முற்றிய இலை வேண்டும். பூச்சி அரித்த ஓட்டை இல்லாததாக 15 இலை எடுத்தால் 8 தேறும், அது சகஜம்.

வழி இரண்டு. பொறுமை இருந்தால் வாளித் தண்ணீரில் முழுக அமுக்கி, மேலே கல் வைத்து, மூன்று நான்கு வாரம் விட்டுவிடுங்கள். தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் பச்சையைத் தின்னும், நரம்பை விட்டுவிடும். நாற்றம் தாங்காது, கொல்லைப்புறம் உள்ளவர்களுக்கு மட்டும். வலை உறுதியாக வருவது இதில்தான்.

அவசரமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, சிறு தீயில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம். தளதளவென்று கொதிக்கவிட்டதால்தான் உங்களுடையது கூழானது. எவர்சில்வர் பாத்திரம் மட்டும். சோடா அலுமினியத்தை அரிக்கும். அரை மணிக்கு ஒருமுறை ஒரு இலையை எடுத்து நகத்தால் தடவிப் பாருங்கள். தோல் வழுக்கி நகர்ந்தால் இறக்கிவிடலாம்.

பிறகு கழுவி, வழுவழுப்பான டைல்ஸ் மேல் இலையைப் பரப்பி, தண்ணீர் மெல்ல ஓடும்படி வைத்து, மெத்தென்ற பல் துலக்கியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. காம்பிலிருந்து நுனியை நோக்கி, முதலில் அடிப்பக்கம், பிறகு திருப்பி மேல்பக்கம். அரச இலையின் நீண்ட வால் நுனிதான் அதன் அழகு, முதலில் அறுவதும் அதுதான். கடைசி அங்குலத்தைத் துலக்கி படாமல் விரல் நுனியால் மட்டும் தடவி எடுங்கள். வெண்மை வேண்டுமென்றால் பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வீட்டு பிளீச், சில நிமிடம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்; வினிகரோ கழிவறை அமிலமோ அருகில் கூட வேண்டாம், நச்சு வாயு வரும். நன்றாக அலசி, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து அழுத்திக் காய வையுங்கள். செய்தித்தாளில் வைத்தால் தலைப்புச் செய்தி இலையில் அச்சாகும்.

அட்டையில் ஒட்டும்போது நடு நரம்பில் மட்டும் நாலு புள்ளி பசை. முழுக்கத் தடவினால் கண்ணிகள் எல்லாம் பசையால் அடைந்துவிடும்.

புத்தகத்தில் வைத்து அழுத்திய ரோஜாவும் மல்லிகையும் பழுப்பாகிவிடுகின்றன.
*– வாசகி, ஊட்டி*

அவை இரண்டும் அதற்கு ஆகாத பூக்கள். தண்ணீர் மிகுந்த, தடித்த பூ காய்வதற்குள் கறுத்துவிடும். காகிதப்பூ, பான்சி, ஃபெர்ன் இலை, முருங்கை இணுக்கு, புளிய இலை ஆகியவை நன்றாக நிற்கும். காலைப் பனி காய்ந்த பிறகு பறியுங்கள். வழுவழுத் தாள் வேண்டாம், ஈரம் உறிஞ்சும் சாதாரணத் தாள் இரண்டுக்கு நடுவே வையுங்கள். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தாளை மாற்றுங்கள். எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். ஊட்டிக் குளிருக்கு மூன்று வாரம் கூட ஆகும்.

அட்டையில் சிக்குக் கோலத்தை நூலால் தைக்க முயன்றேன். காகிதம் கிழிந்துவிட்டது.
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, சிதம்பரம்*

துளைகள் நெருக்கமாகிவிட்டன. இரண்டு துளைக்கு நடுவே 3 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும். முதல் அட்டைக்கு 1-3-5-3-1 நேர்ப்புள்ளிக் கோலம் போதும், புள்ளிக்குப் புள்ளி 1 செ.மீ. கோலத்தை மெல்லிய தாளில் வரைந்து, கிளிப் போட்டு அட்டை மேல் நிறுத்தி, அடியில் நாலாக மடித்த துண்டை வைத்து, எல்லாத் துளைகளையும் முதலில் ஊசியால் குத்திவிடுங்கள். தைத்துக்கொண்டே குத்தினால் கோடு கோணும். கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் சந்தியில் துளை போடாதீர்கள். இரண்டு கோட்டுத் துளைகளும் அங்கே சேர்ந்தால் காகிதம் அந்த இடத்தில்தான் பிய்யும். சந்திக்கு முன்னும் பின்னும் துளை வைத்து, நூல் மேலே தாண்டிப் போகட்டும்.

எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டு மட்டும் பிரித்து எடுங்கள். பின்தையல்தான் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பின்துளைக்குத் திருப்பிக் குத்துவது) வளைவுக்குச் சரி. முடிச்சு போட்டால் முன்பக்கம் புடைக்கும். நுனியை 1 செ.மீ. விட்டுப் பின்பக்கம் காகித டேப்பால் ஒட்டுங்கள். தையல் தெரியாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய வெள்ளைத்தாளை மடித்து, மடிப்பு ஓரத்தில் மட்டும் ஒட்டிவிட்டால் எழுதவும் இடமாயிற்று. பின்னணிக்குச் செம்மண் நிறமோ சாணிப் பச்சையோ, மேலே வெள்ளை நூல். கலர் நூலில் தைத்தவை எங்களுக்குக் கோலமாகவே தெரிவதில்லை.

கையால் செய்த பருத்திக் காகிதத்தில் செய்தால் இன்னும் உறுதி. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் காகிதம் அந்த ரகம்தான். நீண்ட பருத்தி நாராதலால் எளிதில் கிழியாது. ஆனால் அதில் ஸ்கெட்ச் பேனா மை ஊறிப் பரவலாம், ஓரத் துண்டில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊற்றினேன். மறுநாள் சோப்பின் மேல் முத்து முத்தாக வேர்க்கிறது. உள்ளே போட்ட ரோஜா இதழ் கறுத்துவிட்டது.
*– வாசகி, தூத்துக்குடி*

வேர்வை அல்ல. சோப்பிலுள்ள கிளிசரின் கடற்காற்றின் ஈரத்தை இழுக்கிறது. கெடுதல் இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். ஃப்ரிட்ஜில் வைத்து உறைய விடாதீர்கள், அச்சிலிருந்து எடுத்த அன்றே கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றுங்கள். இதழ் கறுக்கத்தான் செய்யும். காய்ந்த இதழானாலும் அப்படியே. இதழுக்குப் பதில் வெட்டிவேரை மோதிரமாகச் சுற்றி உள்ளே வையுங்கள், அது ஏற்கெனவே பழுப்புதானே. 500 கிராம் பேஸுக்கு மணத்தைலம் 5 கிராமுக்கு மேல் வேண்டாம். அகர்பத்திக்கு விற்கும் செண்ட் தோலுக்கானது அல்ல. மேலே நிற்கும் குமிழுக்கு ஸ்பிரிட்டை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ஒருமுறை அடித்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு.

பச்சை வேப்பிலைச் சாறு, தயிர், கடலைமாவு எதையும் பேஸில் கலக்காதீர்கள். பத்து நாளில் பூஞ்சை.

காஸ்டிக் சோடாவில் முதலிலிருந்து சோப் செய்வது பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு அதைக் கொடுக்க வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே செய்திருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் முதிர விட்டால்தான் சோப் கெட்டிப்பட்டு மென்மையாகும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் சோடா அளவு வேறு என்பதால் தேங்காய் எண்ணெய்க் கணக்கில் கடலை எண்ணெயைப் போட்டால் மிஞ்சும் சோடா கையைப் புண்ணாக்கும். அதைத் தனியே விரிவாக எழுதுகிறோம்.

தலைவலித் தைலம் செய்து தாத்தா பாட்டிகளுக்கும், சளி பிடிக்கும் பேரக் குழந்தைகளுக்கும் ஒரே டப்பாவாகக் கொடுக்கலாமா? கற்பூரம் சேர்க்கிறேன்.
*– வாசகி, ஈரோடு*

பெரியவர்களுக்குச் சரி, குழந்தைகளுக்குக் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும் அளவுக்கு நஞ்சு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மேலே தடவவும் கூடாது. பூஜைக் கற்பூரத்தைத் தைலத்தில் போடவே போடாதீர்கள். டப்பாவின் மேல் “கற்பூரம் உள்ளது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்” என்று எழுதாமல் கொடுக்காதீர்கள்.

விதைக் காகித அட்டையும் குளியல் பொடியும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனுக்குப் பார்சல் அனுப்பலாமா? விதை காகிதத்திலேயே முளைத்துவிடுவதையும் எப்படித் தடுப்பது?
*– வாசகி, கோயம்புத்தூர்*

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் விதை, காய்ந்த பூ, இலை, வேர் எதையும் வைக்காதீர்கள். அங்கே தாவரத் தடுப்புக் கண்காணிப்பு மிகக் கடுமை. பிடித்து அழித்துவிடுவார்கள், பொய்யாக எழுதி அனுப்பினால் வாங்குபவர் பதில் சொல்ல வேண்டிவரும். அவருக்குச் சிக்குக் கோல அட்டையை அனுப்புங்கள், நூலும் காகிதமும்தான்.

உள்ளூரில் கொடுக்க: பழைய நோட்டுத் தாளைக் கிழித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு கைப்பிடித் தாளுக்கு முக்கால் ஜார் தண்ணீர் என மிக்ஸியில் அடித்த பிறகே விதையைக் கையால் கலக்க வேண்டும். தண்டுக்கீரை விதை மாதிரிச் சின்னதாக இருந்தால் தாள் புடைக்காது. சல்லடையில் வார்த்துத் துணியில் கவிழ்த்ததும் ஸ்பஞ்சால் ஒற்றி நீரை எடுத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரே நாளில் காய வையுங்கள். இரண்டாம் நாள் ஈரம் இருந்தால் முளை கிளம்பிவிடும். இஸ்திரிப் பெட்டி வைத்துக் காய்த்தால் விதை வெந்துவிடும். அட்டையின் பின்புறம், “கிழித்து ஊறவைத்து, அரை செ.மீ. மண் மூடி, தினம் தண்ணீர் தெளிக்கவும்” என்று எழுதிவிடுங்கள்.

இவற்றையெல்லாம் செய்து விற்கலாமா?
*– பலர்*

வாழ்த்து அட்டை தாராளமாக விற்கலாம். குளியல் பொடி, உதட்டுத் தைலம் போன்றவை சட்டப்படி அழகுசாதனப் பொருள்கள். 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 2020இன் அழகுசாதன விதிகள் இரண்டின் கீழும், விற்பனைக்காகத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பாக்கெட் விற்றாலும் விற்பனைதான். சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுப்பதற்கு இது பொருந்தாது. ஆனாலும் செய்த தேதி, போட்ட பொருள்கள் அத்தனையும், “முழங்கை உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்தவும்” என்ற வரி ஆகிய மூன்றும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கட்டும். கடலை ஒத்துக்கொள்ளாதவர், பாதாம் ஒத்துக்கொள்ளாதவர் யார் என்பது கொடுப்பவருக்குத் தெரியாது, வாங்குபவருக்குத் தெரியும்.